மஞ்சள்மூக்கியின் குரல்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் வெடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். விமான நிலையத்தில் ஓடுபாதைப் பக்கம் பறவைகளை அண்டவிடாமல் வெடி போட்டு விரட்டுவது அவருடைய வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் பெயர் போகவில்லை, ஏனென்றால் வெடிப்பதை அவர் நிறுத்தவில்லை. லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போனவனிடம் வெடிப்பார். மாத்திரையைக் கவரில் போடாமல் கையில் கொடுத்த மருந்துக்கடைக்காரரிடம் வெடிப்பார். நாளை மழை என்று சொன்ன தொலைக்காட்சிப் பெண்ணிடம், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும், எழுந்து நின்று வெடிப்பார். காரணம் கிடைக்காத நாளில் மனிதர் சோர்ந்து போய்விடுவார்.

அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கத்தான் மனைவி இருந்தாள். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. அந்தப் பக்கம் வேறு நாடு. பேச்சு ஒன்றுதான், கொடி வேறு. வயசுப் பெண்ணாக இருந்தபோது விமான நிலையச் சலவைப் பிரிவில் சீருடைகளுக்கு இஸ்திரி போட வந்தவள். அவருடைய சட்டைக் கையில் ஒட்டியிருந்த வெடிமருந்துக் கறையைப் பற்றி ஒருநாள் திட்டினாள். தன்னைத் திட்டக்கூட ஓர் ஆள் உண்டா என்று அசந்துபோய் அவளையே கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் குற்றம் ஆற்றைத் தாண்டித்தான் போகும்.

"குழாய் ஒழுகுது பாரு. உங்க ஊர்ல எல்லாம் இப்படியே விட்டுடுவாங்க போல!"

"எங்க ஊர்ல ஆம்பளைங்க எழுந்து போய் வாஷர் மாத்துவாங்க."

இது இரண்டு பேருக்கும் பழகிப்போன கச்சேரி. கேட்பவர்களுக்குத்தான் சண்டை மாதிரி இருக்கும். அது நிஜச் சண்டையாக மாறியது ஒரு பறவையால்.

ஓடுபாதைக்கு அப்பால் முன்பு பெரிய நாணல் சதுப்பு இருந்தது. குளிர் முடிந்ததும் மஞ்சள்மூக்கி என்ற சின்னப் பறவை கூட்டங்கூட்டமாக அங்கே வந்து இறங்கும். குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கும்போது ஆற்றைத் தாண்டி அந்த நாட்டுக்குப் போய்விடும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான், ஆனால் கூட்டமாக எழுந்து விமான இயந்திரத்துக்குள் போனால் பெரிய விபத்து. விரட்டத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விரட்டியதோடு விடவில்லை. இரண்டாவது ஓடுபாதைக்காகச் சதுப்பையே மண் கொட்டி மூடினார்கள். மூடிய பிறகும் பழக்க தோஷத்தில் வந்து நின்ற பறவைகளுக்கு மருந்து கலந்த தானியம் தூவினார்கள். தூவிய கை வெடிக்காரருடையது. அதற்காக அவர் பெருமையும் பட்டதில்லை, வருந்தியதும் இல்லை. மேலே சொன்னார்கள், செய்தார்.

வெடிச் சத்தம் பறவைகளுக்குப் பழகிப்போனபோது ஓர் இளம் அதிகாரி புது யோசனையோடு வந்தார். ஒரு மஞ்சள்மூக்கியைப் பிடித்துக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் அது அலறும். அந்த அலறலைக் கேசட்டில் பதிந்து ஜீப்பின் ஒலிபெருக்கியில் போட்டால் மற்றவை பயந்து ஓடிவிடும் என்றார். கட்டுவதெல்லாம் எதற்கு என்று வெடிக்காரரே அதன் காலைக் கையால் பிடித்துக்கொண்டார். அலறல் போதவில்லை என்று அதிகாரி சைகை காட்டினார். வெடிக்காரர் விரலை இறுக்கினார். நல்ல சத்தமாகப் பதிவானது.

ஆனால் அதிகாரி நினைத்தபடி பறவைகள் ஓடவில்லை. அலறல் கேட்டதும் எங்கெங்கோ இருந்தவை எல்லாம் பறந்து வந்தன. ஜீப்புக்கு நேர் மேலே கூடி, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். வெடிக்காரர் தலையில் கை வைக்கவில்லை, துப்பாக்கியில் வைத்தார். கேசட்டைப் போட வேண்டியது, வந்து கூடுகிறவரை காத்திருக்க வேண்டியது, பிறகு சுட வேண்டியது. இந்த முறையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று அவர் பல காலம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காலை நேரங்களில் அந்த அலறல், அப்போது அவர்கள் இருந்த ஊழியர் குடியிருப்பு வரைக்கும் கேட்கும். மனைவி அடுப்படி ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

கல்யாணமான புதிதில் அவள் ஒருதரம் பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்க்குள் ஏதோ ஒலி எழுப்பினாள். "இதுதான் மஞ்சமூக்கி. சாயங்காலம் நாணல்ல ஒடுங்கறப்ப இப்படித்தான் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். எங்க வீட்டுக்குப் பின்னாடியே கேக்கும்" என்றாள். "விடிஞ்சதுலேருந்து அதுங்களோட மல்லுக்கட்டிட்டு வரேன், வீட்டுக்குள்ளயுமா?" என்று எரிந்து விழுந்தார் வெடிக்காரர். பிறகு அவள் அந்த ஒலியை எழுப்பவே இல்லை.

வருஷங்கள் ஓடின. பறவைகள் குறைந்தன. வெடிக்காரர் ஓய்வு பெறுவதற்குள் விரட்ட எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் ஒருநாள், மஞ்சள்மூக்கி உலகத்திலேயே இல்லை என்று அறிஞர்கள் அறிவித்தார்கள்.

இருந்தவரைக்கும் ஏறெடுத்துப் பார்க்காத நாடு, போன பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்த மஞ்சள் அலகுதான். அழுகை வடிவதற்குள் பழி ஆரம்பித்தது. அந்த நாட்டுக்காரர்கள் வலை போட்டுப் பிடித்துச் சந்தையில் குவியலாக விற்று, தின்றே தீர்த்துவிட்டார்கள் என்றது இந்த நாடு. சதுப்பை மூடி, நஞ்சு வைத்து, கூடு கட்ட இடமில்லாமல் செய்தது நீங்கள்தான் என்றது அந்த நாடு. இரண்டும் உண்மை. அதனால்தானோ என்னவோ, இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு அந்தப் பறவையோடு பழகிய ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. எப்படியோ மோப்பம் பிடித்து வெடிக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு, வரவேற்பறைச் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டோம். இங்கேருந்து முழுசாத்தான் அனுப்புவோம். அங்க போனது திரும்பி வரல. தின்னுட்டானுங்க, ஒண்ணு விடாம தின்னுட்டானுங்க!"

அந்தப் பேட்டித் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வெடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வெடிப்பதைக் கேட்டு முகம் சுளித்த ஜனம் இப்போது கைகுலுக்கியது. மருந்துக்கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். ஆயுள் முழுக்கக் கத்தியதற்கு இப்போதுதான் கூலி கிடைத்தது.

மனைவி அன்று சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் ஓசையோடு வைத்தாள்.

"கண்ணுல வெச்சுப் பாத்தீங்களா?"

"ஏன், உன் தம்பி வலை போடலியா? நீ திங்கலியா?"

"போட்டான். தின்னேன். இல்லேன்னு யார் சொன்னா? நீங்க செஞ்சதைச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்."

"நான் கவர்மெண்டு வேலை பார்த்தேன்."

"அவன் வயித்துப்பாட்டைப் பார்த்தான்."

அவளுக்கு வீட்டுக்கு வெளியேதான் பெரிய வேதனை காத்திருந்தது. நாட்டைத் திட்டினால் நாட்டுக்கு வலிக்காது. நாடு எங்கோ இருக்கிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தவள் அவள்தான். காய்கறிக்காரி அவளைக் கண்டும் காணாதவளாகப் பின்னால் நிற்பவளிடம் "என்னக்கா வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவள் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் இறங்கினார்கள். துவைத்துக் காயப்போட்ட துணி மீது மேல்மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் விழுந்தது. கணவரிடம் சொன்னாள். "நீ கொஞ்சம் அடங்கி இரு, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றார். மறக்கவிடாமல் தினமும் சோபாவில் உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் அவர் தன் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே படிக்கட்டுப் பக்கம் ஓர் அலறல் கேட்டது. பெண்ணின் குரல். எழுந்திருக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் அவருடைய முகம் பெரிதாக வந்தது. ஏதோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். பிள்ளைகள் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஊரையே ஏமாற்றியவர் அந்த ஒரு நிமிஷத்தில் தன்னையும் ஏமாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் மனைவி உள்ளே வந்தாள். பை கிழிந்து தொங்கியது. ஒரு கை மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"யாரு?" என்று துள்ளி எழுந்தார்.

"யாரோ ரெண்டு பேரு. தின்னவளேன்னு சொல்லித் தள்ளிவிட்டுட்டுப் போனாங்க. உங்க வார்த்தைதான், அப்படியே." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "மஞ்சமூக்கி ஒண்ணு கத்தினா மத்ததெல்லாம் வந்து பாக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? நான் கத்தினேன். இத்தனை வீட்டுல ஒரு கதவு திறக்கல. நம்ம வீட்டுக் கதவும்தான்."

அன்று முழுவதும் வெடிக்காரர் வெடிக்கவில்லை. மணிக்கட்டுக்கு ஐஸ் வைத்துக் கட்டிவிட்டார். இத்தோடு பேட்டியை நிறுத்திவிடுவார் என்று அவள் நினைத்தாள். நிறுத்தியும் இருப்பார், அருங்காட்சியக அதிகாரி வராமல் இருந்திருந்தால்.

அதிகாரி பணிவானவர், வாசனைத் தைலம் பூசியவர். மஞ்சள்மூக்கிக்கு நினைவுக்கூடம் கட்டியிருப்பதாகச் சொன்னார். படங்கள் இருக்கின்றன, பஞ்சு அடைத்த உடல் ஒன்று இருக்கிறது, குரல் மட்டும் இல்லை. நாடு முழுக்கத் தேடியும் ஒரு பதிவுகூடக் கிடைக்கவில்லை.

"உங்ககிட்ட ஏதாவது இருக்குமா ஐயா?"

பரண் மேல் தகரப்பெட்டியில், வெடித் தோட்டாக் கூடுகளுக்கு நடுவே, ஜீப்பின் கேசட் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று ஞாபகத்துக்காக எடுத்து வந்தது. வெடிக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எப்போது பதிந்தது என்று கேட்டார், எந்த இடம் என்று கேட்டார். அந்தப் பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் வெடிக்காரருக்கு இல்லை. திறப்பு விழாவில் அமைச்சருக்குப் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி, இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி முன்னால் வந்தாள்.

"எதைக் குடுத்தீங்க?"

"குரலைக் குடுத்தேன்."

"அது குரலா? நீங்க காலைப் பிடிச்சு இறுக்கினப்ப அது போட்ட சத்தம். அதைக் குடுத்துட்டு, இதுதான் அந்தப் பறவை பாடினதுன்னு ஊரை நம்ப வெக்கப் போறீங்களா?"

"சத்தம்னா சத்தம்தான். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் அவருக்கு எப்போதும் பயம். "கேளுங்க. மேடையில அது என்ன சத்தம்னு சொல்லுங்க. சதுப்பை மூடினது, மருந்து தூவினது, எல்லாத்தையும் சொல்லுங்க. எங்க ஆளுங்க தின்னதையும் சேத்தே சொல்லுங்க, நான் வேண்டாங்கல. ரெண்டு பக்கமும் சொல்லிட்டீங்கன்னா நான் இந்தப் படிக்கட்டுல தலைநிமிந்து நடப்பேன். மறுபடியும் தின்னானுங்க தின்னானுங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா, அங்கேருந்தே தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"மிரட்டறியா?"

"சொல்லிட்டுப் போறேன்."

விழாவுக்கு அவளும் வந்தாள், கையில் ஒரு துணிப்பையோடு. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். வெடிக்காரர் மேடையில் இருந்தபடியே அந்தப் பையைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்தார். இது பொய்யில்லை, அந்த நேரத்தில் அவர் உண்மையாகவே முடிவு செய்திருந்தார்.

அமைச்சர் பொத்தானை அழுத்தினார்.

கூடம் முழுக்க அந்த அலறல் எழுந்தது. ஜீப்பின் ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது, இங்கே புத்தம்புதிதாகத் துடைத்து வைத்தாற்போல் கேட்டது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "என்ன ஒரு இனிமை!" என்றார் பக்கத்தில் இருந்தவர். அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். வெடிக்காரருடைய வலக்கை தானாக முழங்காலை இறுக்கிப் பிடித்தது. குச்சி போன்ற அந்தப் பறவைக் காலின் சூடு விரல் நடுவில் இருந்தது. அலறல் நின்ற பிறகு நடந்தது கேசட்டில் இல்லை. விடுவதற்காகக் கையைத் திறந்தார், அது பறக்கவில்லை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவரைப் பேச அழைத்தார்கள். ஒலிவாங்கி முன்னால் நின்றார். கூட்டம் கப்சிப்பென்று அவர் வாயையே பார்த்தது. அத்தனை முகங்கள், அத்தனை காமிராக்கள், எல்லாம் அவருக்காக.

"இந்தக் குரல்…" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பின்வரிசை வரை பரவியது. அந்தச் சத்தம் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. "இந்தக் குரலை இனிமே நாம கேக்க முடியாது! ஏன் கேக்க முடியாது? யாரால? நாம அனுப்பினோம், அவனுங்க தின்னுட்டானுங்க!"

கூடம் அதிர்ந்தது. அமைச்சர் எழுந்து கட்டிக்கொண்டார். அவருடைய தோளுக்கு மேலாக வெடிக்காரர் கடைசி வரிசையைப் பார்த்தார். ஓர நாற்காலி காலி.

வீட்டுக்கு வந்தபோது அடுப்படி துடைத்து வைத்திருந்தது. குழாய் ஒழுகவில்லை, விழாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளே வாஷர் மாற்றியிருந்தாள். திட்டுவதற்கு அந்த வீட்டில் ஒன்றுமே மீதி இல்லை. போகட்டும், எத்தனை நாளைக்கு என்று கறுவிக்கொண்டு, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நாட்கள் போயின, அவள் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசையாக நினைவுக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டின. சாயங்காலங்களில் கீழே முற்றத்தில் பிள்ளைகள் கையை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு ஓடி விளையாடினார்கள். ஓடிக்கொண்டே அந்த அலறலைப் போட்டார்கள். கீ என்று இழுத்து, கடைசியில் உடைகிற இடத்தைக்கூட அச்சு அசலாகப் பிடித்திருந்தார்கள். விரலை இறுக்கிய இடம் அது. வெடிக்காரர் காதைப் பொத்தினார். உள்ளே போனார். ஜன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகும் கேட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போய்க் கத்தினார்.

"நிறுத்துங்க! அது அப்படிக் கூவாது!"

பிள்ளைகள் மிரண்டு நின்றார்கள். கீழ்வீட்டுச் சிறுமி மட்டும் பயப்படாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எப்படித் தாத்தா கூவும்? நீங்க கூவிக் காட்டுங்க."

வெடிக்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. விடியலுக்கு முன்பிலிருந்து மத்தியானம் வரை, வேலைக்காலம் முழுக்க, அந்தப் பறவையோடுதான் இருந்தார். அது சும்மா இருக்கும்போது கூவி ஒருதரம்கூட அவர் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் அது சும்மா இருந்ததே இல்லை. ஒரே ஒருதரம், பாத்திரம் கழுவுகிற இடத்தில், மனைவி வாயால் கேட்டார். எவ்வளவு யோசித்தும் அந்த ஒலி நினைவுக்கு வரவில்லை. தான் எரிந்து விழுந்ததுதான் நினைவுக்கு வந்தது.

மேலே வந்து மச்சினனுக்குப் போன் போட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் எடுத்தான்.

"அக்கா பேச மாட்டாங்களாம் மாமா. என்னைத் திட்டாதீங்க. இங்கயும் என்னை வெளிய தலைகாட்ட விட மாட்டேங்கறாங்க, நஞ்சு வெச்சவன் மச்சான்னு."

"திட்டறதுக்குப் போன் பண்ணல." என்றார் வெடிக்காரர். "ஒண்ணு கேக்கணும். நீ மஞ்சமூக்கியை நிறையப் பிடிச்சவன். அது சும்மா இருக்கறப்ப எப்படிக் கூவும்? எனக்கு ஒருதரம் கூவிக் காட்டு."



"வலையில விழுந்தப்புறம்தானே மாமா நான் கிட்டப் போவேன்" என்றான் மச்சினன். "எனக்கும் அந்த அலறல்தான் தெரியும். டிவில உங்க கேசட்டைப் போட்டாங்களே, அதேதான்."

வெடிக்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குத் தெரியும் மாமா. அவங்கதான் சாயங்காலத்துல நாணல் ஓரமா போய் உக்காந்திருப்பாங்க. இங்கதான் இருக்காங்க, கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேளு."

போனை எங்கோ வைக்கிற சத்தம். பிறகு தூரத்தில், அவருக்கு நன்றாகத் தெரிந்த, உயராத அந்தக் குரல் கேட்டது.

"தெரியும், சொல்ல மாட்டேன்னு சொல்லு."